ஆறு மணியிலிருந்து ஆறரை வரை

பக்கத்து வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் திறந்து காட்ட மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். பதினொரு மணிக்குத் தானே வந்து காட்டுவதாக வீட்டுக்காரர் செங்கமலம் அம்மா போனில் சொல்லியிருக்கிறார். பண்ருட்டியிலிருந்து, மகள் வீட்டிலிருந்து வர வேண்டும். இப்போது மணி பத்து பதினெட்டு. இன்னும் நாற்பத்திரண்டு நிமிஷம் இருக்கிறது. உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், அதன் மேல் சாய்த்திருக்கிற பலகையில் வார்னிஷ் காயவில்லை. இந்த நாற்காலியில் உட்காருங்கள்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, சார். இந்தத் தெருவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருந்தால் அதிகம். இன்றைக்குப் பேசுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அந்த அம்மா வருவதற்குள் ஒரு விஷயத்தை நான் முடிவு செய்தாக வேண்டும். அவரிடம் ஒரு நாளைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் நாள் என்று சொல்ல வேண்டியது. பதினெட்டாம் நாள் என்று சொன்னேன். இன்றைக்குத் திருத்திச் சொல்லலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்பதுதான். என் சம்சாரம் தனபாக்கியம் விட்டுவிடச் சொல்கிறாள். அவளை விட்டால் எனக்குக் கேட்க ஆள் இல்லை. நீங்கள் வெளியூர்க்காரர், யார் பக்கமும் சாய வேண்டியதில்லை. கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

என்னைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது. சர்க்கரை ஆலையில் எடைமேடையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். கரும்பு வண்டி மேடையில் ஏறும். முள் அசைந்து நிற்கும். நின்ற பிறகு பார்த்து எழுதுவேன். நிற்பதற்கு முன்னால் எழுதியதே கிடையாது. படிப்பு ஏழாம் வகுப்புதான். ஆனால் வைத்திலிங்கம் எடையைத் தப்பாக எழுதினான் என்று அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருவர் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார்கள், மறுபடி நிறுத்துப் பார்த்தபோது நான் எழுதியதுதான் சரியாக இருந்தது.

இதோ இருக்கிற ரேடியோக்கள் மொத்தம் நாற்பத்தாறு. முப்பத்தொன்று பாடும். ஒன்பது வேலைக்காக வரிசையில் நிற்கிறது. ஆறு உதிரிக்கு. எல்லாம் வால்வு போட்ட மேஜை ரேடியோ. இந்தக் கையடக்க டிரான்சிஸ்டர் கணக்கில் சேராது, இது வேலைக்கு வைத்திருப்பது. ஏன் சேர்க்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். திருகினால் டயலில் முள் நகர்கிறது. ஒரு இடத்தில் நிற்கிறது. நின்ற இடத்தில் குரல் வருகிறது. எனக்கு அது போதும்.

பழைய பெட்டி கைக்கு வந்தால் நேராகக் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது, தெரியுமா? நடுவில் ஒரு பல்பைப் போட்டு அதன் வழியாகக் கொடுப்பேன். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. மங்கலாக எரிந்தால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். முதல் நாள் பத்து நிமிஷம், மறுநாள் இருபது நிமிஷம், இப்படி ஏற்றி ஏற்றித்தான் முழுக் கரண்டுக்கு வருவேன். நாற்பது ஐம்பது வருஷம் சும்மா கிடந்ததை அவசரப்பட்டு எழுப்பினால் புகைந்துபோகும். ஒரு பெட்டிக்கு எனக்கு மூன்று மாசம் ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

விஷயம் இருபத்தேழாம் நம்பரைப் பற்றியது. அதோ நடு அலமாரியில், இடமிருந்து மூன்றாவது. ஐந்து வால்வு, தேக்குப் பெட்டி. முதுநகரில் ஒரு மளிகைக் கிடங்கில் கிடைத்தது. உள்ளே எலி கூடு வைத்திருந்தது. துடைத்து, கண்டன்சர் ஒன்பதையும் மாற்றி, ஸ்பீக்கர் துணி புதிதாகக் கட்டி, எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டேஷன் சேர்ப்பது மட்டும்தான் பாக்கி. உள்ளே சின்னச் சின்னத் திருகு இருக்கும். அவற்றை அரைக்கால் சுற்று, அதிலும் பாதி, அப்படித் திருப்பி டயலையும் ஸ்டேஷனையும் ஒன்றாக்க வேண்டும். பக்கத்து ஊர் ஸ்டேஷனை வைத்துச் சேர்க்கக் கூடாது. அது கோளாறான பெட்டியிலும் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் அந்தமான் ஸ்டேஷன் இருக்கிறது. விடிகிற நேரத்தில் மெல்லிசாக வரும், வெயில் ஏறினால் போய்விடும். அதைப் பிடித்தால்தான் பெட்டி முடிந்தது என்று நோட்டில் எழுதுவேன். முப்பத்தொரு பெட்டியையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

போன கார்த்திகையில் இரைச்சல் ஆரம்பித்தது. கர்ரென்று ஒரே சீராக வரும், நடுநடுவே ஒரு தட்டு. நிமிஷத்துக்கு எட்டுத் தட்டு. மீடியம் வேவ் முழுக்க அதுதான். எந்தப் பெட்டியைப் போட்டாலும் அதுதான். முதல் நாள் இரண்டு மணி நேரம் இருந்தது. கார்த்திகை முடியும்போது ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். மார்கழியில் பதினொன்று. தை பிறந்தபோது பத்தொன்பது. எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இந்த டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன். எனக்கு அது பெரிய கூச்சம். டீக்கடைக்காரர், “என்னண்ணே, காலையிலேயே கிரிக்கெட்டா?” என்று கேட்டார். பெஞ்சில் இருந்த இன்னொருவர், “கிரிக்கெட் இல்லப்பா, அண்ணன் தெருவுக்கு ஸ்கேன் எடுக்கிறாரு” என்றார். மருந்துக்கடையின் எல்இடி விளக்கு, வாத்தியார் வீட்டு இன்வெர்ட்டர், மாடி வீட்டு மீன் தொட்டி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து அடித்தேன். தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பினால், என் வீட்டை நெருங்க நெருங்கத்தான் சத்தம் கூடுகிறது. கடைசியில் பார்த்தால் இந்தச் சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பூவராகன் வீடு. நீங்கள் பார்க்க வந்திருக்கிற வீடுதான்.

தனபாக்கியத்திடம் கேட்டேன். “அவருக்கு மூச்சு மிஷின் வந்திருக்குங்க. நுரையீரல் சுருங்கிக்கிட்டே போகுதாம். ரூம்ல இருக்கிற காத்தையே பிரிச்சு ஆக்சிஜனாக் கொடுக்குது. கார்த்திகையிலேயே வந்துருச்சே” என்றாள். கார்த்திகை ஒன்பதாம் தேதி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “தேதி மட்டும் தெரியுது. ஒரு எட்டு போய் என்னன்னு கேக்கத் தெரியல” என்றாள். அவள் தினம் கஞ்சியோ ரசமோ எடுத்துக்கொண்டு அங்கே போய்வருகிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

போய்க் கேட்பதற்கு எனக்கும் அவருக்கும் பழக்கம் இல்லை, சார். பதினாலு வருஷத்தில் நாலு தடவை பேசியிருப்போம். அதில் இரண்டு தடவை தண்ணீர் வந்ததா என்பது. அதனால் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவது தடவை சரியாக வந்தது. ‘ஐயா, வணக்கம். ஒரு பழைய ரேடியோவில் அந்தமான் ஸ்டேஷன் சேர்க்க வேண்டியுள்ளது. தங்கள் இயந்திரத்தைத் தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஆறரை மணி வரை நிறுத்தி உதவ வேண்டுகிறேன். இருபத்தொரு நாட்கள் மட்டும். இப்படிக்கு, பக்கத்து வீடு.’ இதில் ஒரு வார்த்தை தப்பு உண்டா? வேண்டுகிறேன் என்றுதான் எழுதினேன்.

மறுநாள் அவர் சம்சாரம் செங்கமலம் அம்மா கோலம் போட வந்தபோது கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டது. அவர் படித்துக் காட்டினார். பிறகு பூவராகன், “சரின்னு சொல்லு. நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லு” என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்றுதான் சொன்னார், ஆனால் சொன்னார். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் குழாயைக் கழற்றலாம் என்று டாக்டரே சொல்லியிருப்பதாக அந்த அம்மாவும் வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆக, நான் யாரையும் வற்புறுத்தவில்லை.

தை ஐந்தாம் தேதி முதல் நாள். ஆறு மணிக்கு டக்கென்று இரைச்சல் நின்றது. சார், இரண்டு மாசம் கழித்து விடிகிற நேரத்தில் அந்த அமைதியைக் கேட்டேன். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சத்தத்தை நான் ரொம்பச் சின்னதாக வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டித்தான் வேலை செய்வேன். பக்கத்து வீட்டில் உடம்பு முடியாதவர் இருக்கிறார், அவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது இல்லையா?

முதல் ஐந்து நாள் முப்பது முப்பது நிமிஷம் சரியாக வந்தது. ஆறாம் நாள் இருபத்தெட்டு. ஏழாம் நாள் இருபத்தேழு. அப்புறம் இருபத்தைந்து. ஒன்பதாம் நாளும் இருபத்தைந்துதான், ஆனால் அன்றைக்கு ஆறு பதினேழுக்கு அந்தமான் ஸ்டேஷன் வந்துவிட்டது. ஒரு பெண் குரல், பின்னாலேயே ஏதோ வாத்தியம். டயலில் எந்த இடத்தில் வர வேண்டுமோ அதே இடத்தில், ஒரு மயிரிழை விலகாமல். திருகின்மேல் மெழுகு விட்டு அடைத்தேன். இருபத்தேழாம் நம்பர் முடிந்தது என்று எழுதினேன்.

முடிந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். இருபத்தொரு நாள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், அவர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் பன்னிரண்டு நாள் கையில் இருக்கிறது. வரிசையில் முப்பத்தைந்தாம் நம்பர் தயாராக நிற்கிறது. மறுபடி ஒரு தாள் எழுதி, மறுபடி வாசலில் நின்று கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. மீதி நாளை வீணாக்குவானேன் என்று அடுத்த பெட்டியை எடுத்தேன். கேட்டதற்கு மேல் ஒரு நாள்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அங்கேயிருந்து வருவது குறைந்துகொண்டே போனது. இருபத்திரண்டு, இருபது, பத்தொன்பது. பன்னிரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சொன்ன வார்த்தை என்று ஒன்று இருக்கிறது இல்லையா? வாசல் தெளிக்க வந்த அந்த அம்மாவிடம், பத்தொன்பது நிமிஷம்தாம்மா வந்தது என்று சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொன்னேன். “மன்னிச்சுக்குங்கண்ணே, நாளைக்குப் பாத்துக்கறேன்” என்றார். மறுநாள் பதினாறு. அப்புறம் பதினாலு, பதினொன்று, பதினொன்று, எட்டு. பதினெட்டாம் நாள் ஆறு நிமிஷம். பதினெட்டு நாளில் ஐந்நூற்று நாற்பது நிமிஷம் வர வேண்டியது. வந்தது முந்நூற்று எண்பத்திரண்டு. முப்பத்தைந்தாம் நம்பர் இன்றுவரைக்கும் சேரவில்லை.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பூவராகன் இறந்துபோனார்.

மகள் டாக்டரிடம் கேட்டிருக்கிறது. வியாதி முற்றிப்போய்விட்டது, அந்த அரை மணி நேரத்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதை நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகவே சொன்னது. அதனால் அந்த வகையில் என் பேரில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இரைச்சலே இல்லை. பெட்டியைப் போடவில்லை. சாவு வீட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ போடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு எழுந்திருக்கும்போது கை தானாக நோட்டில் முப்பது என்று எழுதிவிட்டது.

தனபாக்கியம் அங்கே மூன்று நாள் இருந்து எல்லா வேலையும் செய்தாள். கட்டில் தலைமாட்டில் என் தாள் இருந்ததை அவள்தான் பார்த்தாள். நான் எழுதிக் கொடுத்தது அதுவரை அவளுக்குத் தெரியாது. தாளின் ஓரத்தில் அவர் ஒரு நாளைக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தாராம். எத்தனை கோடு என்று கேட்டேன். பதினெட்டு என்றாள். என் நோட்டோடு சரியாக இருந்தது. அப்படிச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், போய்விடுவாள். பதினொரு நாள் அப்படி.

கருமாதி அன்றைக்குத்தான் அந்தத் தப்பு நடந்தது. பந்தி முடிந்து நான் ஓரமாக நின்றிருந்தேன். செங்கமலம் அம்மா என்னிடம் வந்தார். பூவராகன் கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் அந்தமானில் மரம் ஏற்றுகிற வேலையில் இருந்தாராம். எனக்கு எப்படித் தெரியும்? என் தாளைப் படித்துக் காட்டியபோது அந்தமான் என்ற வார்த்தைக்குத்தான் அவர் தலையைத் தூக்கினாராம். தினமும் காலை ஆறு மணிக்குத் தன் கையாலேயே மிஷினை நிறுத்திவிட்டு, குழாயைக் கழற்றி, எழுந்து உட்கார்ந்து, இந்தச் சுவரில் காதை வைத்துக்கொள்வாராம். இன்றைக்கு வந்துவிடும், இன்றைக்கு வந்துவிடும் என்பாராம். உதடு நீலமாகும்போது இந்த அம்மா மிஷினைப் போடப் போனால் கையைத் தட்டிவிடுவாராம். “நான்தாண்ணே மீறிப் போட்டுடுவேன். நீங்க பத்தொன்பதுன்னு சொன்னதைக்கூட அவர்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு என்னைத் திட்டினாரு” என்றார்.

பிறகு கேட்டார். “அந்த ஸ்டேஷன் கடைசியில பிடிச்சுதாண்ணே?”

பிடித்தது என்றேன்.

“எப்போ?”

சார், முப்பத்திரண்டு வருஷம் முள் நின்ற பிறகுதான் எழுதியவன் நான். எனக்குத் தெரியும் ஒன்பதாம் நாள் என்று. ஆறு பதினேழு என்று தெரியும். வாயைத் திறந்தேன், கடைசி நாள்தாம்மா, பதினெட்டாம் நாள் என்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அந்த அம்மா அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. “அப்படிச் சொல்லுங்க. அன்னிக்குக் காலையில சுவத்துல காதை வச்சுக்கிட்டுச் சிரிச்சாருண்ணே. ஏன் சிரிக்கிறாருன்னு எனக்குப் புரியல. கேட்டிருக்காரு” என்றார். பக்கத்தில் நின்ற மகளைக் கூப்பிட்டு அதையே சொன்னார். பந்திக்கு வந்திருந்த இரண்டு பேரிடமும் சொன்னார்.

கேட்டிருக்க முடியாது. அன்றைக்கு என் மேஜையில் இருந்தது முப்பத்தைந்தாம் நம்பர், அதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவர் எதற்குச் சிரித்தாரோ.

நாலு மாசமாக இது என் மனசில் கிடக்கிறது. தூக்கம் சரியில்லை. பெட்டி வேலையும் ஓடவில்லை. பாருங்கள், இந்த வார்னிஷை மூன்று தடவை சுரண்டி மூன்று தடவை அடித்துவிட்டேன். இந்த விஷயம் முழுக்க நினைத்துப் பார்த்தால், நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். நாளை மாற்றிச் சொன்னது. அதைத் திருத்திவிட்டால் மனசு சமமாகிவிடும் என்று தோன்றுகிறது. அதற்காகத்தான் நோட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஒன்பதாம் நாள், ஆறு பதினேழு. பக்கத்தைத் திறந்து காட்டிவிடலாம்.

இதைத் தனபாக்கியத்திடம் நேற்றுச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். “மூச்சைத்தான் தாள்ல எழுதிக் கேட்டு வாங்கினீங்க. சிரிப்பையாவது அந்தம்மாகிட்ட விட்டு வைங்க” என்றாள்.

அவள் சொல்வது அவளுக்குச் சரி. எனக்கு நோட்டு ஒன்றும் வாய் ஒன்றுமாக இருந்து பழக்கம் இல்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள், இன்னும் நேரம்…

ஆட்டோ. சீக்கிரம் வந்துவிட்டார். பத்து ஐம்பத்தொன்றுதான் ஆகிறது.

வாங்கம்மா. பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சுதா? இவர்தான் வீடு பாக்க வந்திருக்கிற சார். திருச்சியிலேர்ந்து மாத்தலாகி வந்திருக்காராம். இல்லம்மா, ரொம்ப நேரம் ஆகல, முப்பத்து மூணு நிமிஷம்தான். தனம், அம்மாவுக்குத் தண்ணி கொண்டா.

ஆமாம்மா, இந்தச் சுவர்தான். இதுக்கு அந்தப் பக்கம்தான் அவர் கட்டில் போட்டிருந்தீங்க. அந்த ரேடியோவா? அதோ இருக்கு பாருங்க, நடுத்தட்டுல. தேக்குப் பொட்டி. அதுவேதான்.

சார்கிட்ட நீங்களே சொல்லுங்க.

ஆமாம். ஆமாம்மா, சிரிச்சாருன்னு சொன்னீங்க.

நோட்டா? அது ஒண்ணுமில்ல, வேற கணக்கு. தனம், அதை எடுத்து உள்ள வை.

இல்லம்மா, மறக்கல. அன்னிக்குத்தான். பதினெட்டாம் நாள். ஆறு நிமிஷம் கொடுத்தாரு, நாலாவது நிமிஷத்துல வந்துருச்சு. பொம்பளைக் குரல், பின்னாடியே வாத்தியம். அவருக்குக் கேக்கணும்னுதான், நல்லா சத்தமா வச்சேன்.